தட்டு மறையும் ஆழம்

கழுத்துக்கு மட்டும் எழுபத்தொரு முள்ளெலும்பு.
கோத்து முடிக்க மாசியும் பங்குனியும் போயிற்று.
திரையில் அது தோலில்லாமல் மிதந்தது,
சாம்பல் நிறத்தில்,
பல்லுடைந்த சீப்புப் போல.

கழுத்தை மேலே வளைத்தேன்.
நிரல் சிவந்தது.
எலும்புக்குள் எலும்பு போகிறதாம்.
இன்னும் கொஞ்சம் வளைத்தேன். இன்னும் சிவந்தது.
அன்னம் மாதிரி நிமிராது இது.
நேரே நீளும், சற்றுக் கீழே தாழும்,
அவ்வளவுதான்.

அப்போதுதான் நினைவு வந்தது
களுவாஞ்சிகுடிப் பள்ளிக்கூடச் சுவர்.
ஒன்பது வருசத்துக்கு முன்
ஒரு சனி, ஒரு ஞாயிறு, நாலு தகரம் எனமல் பெயின்ற்.
நான் வரைந்த கடல் விலங்கு
தண்ணீருக்கு மேலே தலை தூக்கிப்
பருந்தைப் பார்த்தபடி நிற்கிறது இன்றைக்கும்.
எத்தனை வகுப்புகள் அதன் கீழே நின்று
படம் எடுத்திருக்கும்!
எல்லார் முதுகுக்குப் பின்னாலும்
கழுத்து முறிந்த ஒரு விலங்கு.

நிறம் நிரலுக்குத் தெரியாது.
எனக்கும் தெரியாது.
சந்தையில் ஒரு சூரை வாங்கிக்
கறிக்கு முன் ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தேன்:
முதுகு, மேலிருந்து பார்ப்பவனுக்கு ஆழம்;
வயிறு, கீழிருந்து பார்ப்பவனுக்கு வானம்.
அதைக் கடன் வாங்கினேன்.

வெளிச்சம் நிரலுக்குத் தெரியும்.
சூரியனை ஒரு விரலால் தள்ளுகிறேன்.
காலை எட்டு: துடுப்பின் நிழல் விலாவில் விழுகிறது,
என் கை ஒருநாளும் வைத்திராத இடத்தில்.
தண்ணீர் மட்டும் பொய்.
பாசிக்குடா விடுதி விளம்பரத்துத் தண்ணீர்,
கண்ணாடி நீலம்.
கலங்கல் என்று ஒரு பெட்டி, அதற்குள் சைபர்.
எவ்வளவு போடுவது?

பாலமீன்மடு. மரியநேசனின் தோணி.
வீட்டு அலுமாரியிலிருந்து ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு,
ஈயக்கட்டி, நைலோன் கயிறு,
முழத்துக்கு ஒரு முடிச்சு.
"என்ன கா, கடலுக்குச் சோறு போடப் போறியா?"
மூன்றாம் முடிச்சில் தட்டு பச்சை.
நாலில் பிளேன்ரீ.
ஐந்தில் இல்லை.
இழுத்தேன், வந்தது. விட்டேன், போயிற்று.
"மறுகா ஒருக்கா விடு," என்றான்,
துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, கவிழ்ந்து பார்த்தபடி.
நாலரை என்றேன். ஐந்து என்றான்.
சண்டை பிடித்து
நாலேமுக்கால் என்று கொப்பியில் எழுதினோம்.

ஏழு கோடி வருசத்துக்கு முந்திய கடலுக்கு
இந்த முகத்துவாரம் சாட்சி சொல்லாது. தெரியும்.
ஆனால் அங்கேயும் மழை பெய்திருக்கும்,
ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டியிருக்கும்.

எண்ணைக் கொடுத்துவிட்டுப் படுத்தேன்.
எண்பத்திரண்டு வீதத்தில் கரண்ட் போனது.
மறுகா முதலில் இருந்து.
லாப்டொப் விசிறி
அயல்வீட்டு நாய்க்குக் கேட்கும்படி இரைந்தது.

விடிய எழும்பிப் பார்த்தால்
ஒரு சின்னத் தலை.
அதன் பின்னே கழுத்து கொஞ்சத் தூரம்.
பிறகு பச்சை.
பதினைந்து முழக் கழுத்தில் நாலேமுக்கால்தான் மிச்சம்.
விலா இல்லை, துடுப்பு இல்லை,
எட்டு மணி நிழலும் இல்லை.
இரண்டு மாதத்து எலும்பைத் தண்ணீர் தின்றுவிட்டது.

முதலில் கோபம்.
பிறகு, பல்லுத் தீட்டிக்கொண்டு நிற்கையில்,
மீனாக நின்று பார்த்தேன்:
என்னிடம் வருவது ஒரு சின்னத் தலை.
என்னைவிடக் கொஞ்சம் பெரிசு. ஓடத் தேவையில்லை.

அப்படியே வரைந்தேன்.
ஐந்தடி கன்வஸ் முழுக்கப் பச்சை,
அதற்குள் பதினாறு பச்சை,
இடது ஓரத்தில் தலை.
மரியநேசன் வந்து பார்த்தான்.
"மற்றது எங்க கா?"
"இருக்கு."
பின்னால் போய் நின்று பார்த்தான்,
கிட்ட வந்து பார்த்தான்,
ஓரடி விலகிக்கொண்டான்.

களுவாஞ்சிகுடி அதிபருக்கு
இன்னும் கடிதம் எழுதவில்லை.
தொடக்க வசனம் சரிவருகுதில்லை:
ஐயா, தங்கள் சுவரிலுள்ள கழுத்தைச்
சற்றுத் தாழ்த்த அனுமதி வேண்டி.